கடற்பாலத்தின் மேல் ராட்டினம் சுற்றலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகனிடம் போயிருந்தபோது, பிரைட்டன் நகரில் கடலுக்குள் நீளும் பழைய பாலத்தைப் பார்த்தேன். அதன் மேல் ராட்டினங்களும் விளையாட்டுக் கூடங்களுமாக ஒரே இரைச்சல். சற்றுத் தள்ளி இன்னொரு பாலம் வெறும் இரும்புக் கூடாக நின்றது. நூறாண்டு கடந்த ஒன்றைக் கேளிக்கைத் தலமாக்குவது அதை அவமதிப்பது ஆகாதா?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: தாங்கள் பார்த்த அந்த இரும்புக் கூடு, யூஜீனியஸ் பர்ச் என்ற பொறியாளர் வடிவமைத்து 1866-ல் திறக்கப்பட்ட மேற்குப் பாலம். பராமரிக்கப் பணமில்லாமல் 1975-ல் அது மூடப்பட்டது. 2002-ல் ஒரு பகுதி கடலில் சரிந்தது, 2003-ல் எஞ்சியதையும் தீ தின்றது. ராட்டினங்கள் சுற்றும் மற்றொரு பாலம் 1899-ல் திறக்கப்பட்டு இன்றும் உயிரோடு இருக்கிறது. அவமதிப்பு என்ற சொல்லை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான். நீராவிக் கப்பல்களிலிருந்து இறங்குவதற்கும், காசு கொடுத்து உள்ளே போய்க் காற்று வாங்கவும் வாத்திய இசை கேட்கவுமே இத்தகைய பாலங்களை அக்காலத்தில் கட்டினார்கள். கேளிக்கை அவற்றின் பிறவிக் குணம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹேஸ்டிங்ஸ் நகரில் 1872-ல் திறக்கப்பட்ட பாலம் 2010-ல் எரிந்தபோது, ஏறத்தாழ 3,000 பேர் பங்குத்தொகை கொடுத்து அதை மீட்கத் துணை நின்றார்கள். எரிந்தும் தப்பிய பலகைகளைக் கொண்டே புதிய கூடத்தின் சுவர்களுக்கு மேலுறை அமைத்து, தளத்தின் பெரும்பகுதியைத் திறந்தவெளியாக விட்டு, 2016-ல் மீண்டும் திறந்தார்கள். 2017-ல் பிரிட்டனின் உயரிய கட்டடக்கலை விருதான ஸ்டிர்லிங் பரிசும் கிடைத்தது. அதே ஆண்டில் அதை நடத்திவந்த அறக்கட்டளை நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. 2018-ல் பாலம் தனியார் கைக்குப் போயிற்று. அந்த மூவாயிரம் பேரை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. அவர்கள் செய்தது அத்தனையும் சரி. ஆனால் ஆண்டுதோறும் துருவோடு போராட வருமானம் வேண்டும், அது அங்கே இல்லாமல் போயிற்று.

ஆகவே இத்தகைய திட்டம் எதைப் பார்த்தாலும், மேலே என்ன வைக்கப் போகிறார்கள் என்பதைவிட, வசூலில் எவ்வளவு தண்ணீருக்கடியில் உள்ள தூண்களுக்குப் போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்றே நான் முதலில் கேட்பேன். பாலத்தின் நுனிவரை நடந்துபோய்க் கடலைப் பார்க்கும் உரிமை எல்லோருக்கும் உண்டா என்பது அடுத்த கேள்வி. இவ்விரண்டும் உறுதியானால் ராட்டினம் சுற்றட்டும். பழைய வார்ப்பிரும்புக் கம்பங்களை அட்டைக் கோட்டைகளாலும் பிளாஸ்டிக் பொம்மைகளாலும் மூடி மறைப்பதை மட்டும் எந்த வருமானத்துக்காகவும் ஏற்க முடியாது.

கேள்வி: நம் கடற்கரைகளில் இப்படிப்பட்ட பாலங்களே இல்லையா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இருந்தன. கேரளத்தின் ஆலப்புழையில் 1862-ல் கட்டிய பாலத்தின் துருப்பிடித்த தூண்கள் மட்டும் எஞ்சியுள்ளன. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய இரும்புப் பாலத்தை 1952-ஆம் ஆண்டுப் புயல் கொண்டுபோயிற்று. அதன்பின் சற்றுத் தெற்கே கட்டிய கான்கிரீட் பாலமும் 2022 மார்ச்சில் நடுவே இடிந்து கடலில் விழுந்தது. அது இடிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் அதனருகே நின்றிருக்கிறேன். அலை ஏறி இறங்கும் உயரத்தில் தூண்களின் காரை உதிர்ந்து, உள்ளிருந்த கம்பி பருத்து, அடுக்கடுக்காகத் தோல் உரிந்திருந்தது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்தே காரையைப் பிளந்துவிடும். உப்புநீரும் காற்றும் மாறி மாறிப் படும் அந்த இடம்தான் எந்தக் கடற்பாலத்துக்கும் உயிர்நிலை. கரையில் நின்று படம் பிடிப்பவர்களின் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

கேள்வி: மலை ஏரிகளின் படகுத்துறைகளையும் தீம் பார்க் போல மாற்றினால் ஊருக்கு வருமானம் வருமே? தங்கள் கருத்து என்ன?
– ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: கடற்கரை ஊர்கள் கூட்டத்தை வரவழைக்கப் பாடுபடுகின்றன; நம் மலைகளோ வரும் கூட்டத்தைத் தாங்க முடியாமல் தவிக்கின்றன. உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறையில் உள்ளது. 2025 ஏப்ரல் முதல் வாகனங்களுக்கு நாள்வரம்பும் வந்தது. இந்நிலையில் இன்னொரு ஈர்ப்பைக் கட்டுவதற்கு முன், இருப்பது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிட வேண்டும். (இங்கிலாந்தின் கிளீவ்டன் என்ற ஊரில் 1869-ல் திறந்த அழகிய பாலம், 1970-ல் பாரத்தைச் சோதிக்கும்போதே இடிந்தது, மீண்டும் திறக்க 1989 வரை ஆயிற்று.)

உதகை ஏரியை 1820-களில் கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த சல்லிவனும், கொடைக்கானல் ஏரியை 1863-ல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்சும் உருவாக்கினார்கள். இவ்வேரிகளில் படகு விடுவதே தலைமுறை தலைமுறையாக வந்த கேளிக்கை; அதற்கு வேறொரு வேடம் புனைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. வருமானம் வேண்டுமென்றால், ஏரியின் கதையைச் சொல்லும் சிறு காட்சிக்கூடத்தைக் கரையில் அமைக்கலாம். துறையைத் துறையாகவே விட்டுவிடலாம்.

ஏரியில் உப்பு இல்லை என்றாலும் துறையைத் தாங்கும் மரக்கட்டைகளுக்கு வேறு பகை உண்டு. எப்போதும் நீருக்குள்ளேயே கிடக்கும் கட்டை நெடுநாள் கெடாது. நனைந்து, காய்ந்து, மீண்டும் நனையும் இடம்தான் மட்கும். அடுத்த முறை படகில் ஏறும்போது, நீர்மட்டத்தில் பச்சை படிந்திருக்கும் அந்தச் சாண் அகலத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால், அலங்கார வளைவுக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் அந்தக் கட்டைகளுக்குச் செலவிடச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுதுங்கள்.