கோமாவுக்கு ஒரு கட்டில் போதும்!
வாசகர் கேள்வி – பதில்

டி.வி. தொடர்களின் கதை, பாத்திரம், களம் பற்றி சேலம் மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எந்த சீரியலைப் பார்த்தாலும் யாராவது கதவோரம் நின்று ஒட்டுக்கேட்கிறார்கள். அதையும் பாதி கேட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறார்கள். இவர்களுக்கு வேறு கதையே கிடைக்காதா?
– வாசகி, அம்மாபேட்டை

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விதிப்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். அப்படியானால் அரை மணி நேரத்தில் மிச்சம் 24 நிமிடம். டைட்டில் பாட்டு, நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது எல்லாம் போகக் கதைக்குக் கிடைப்பது 20, 21 நிமிடம். வாரத்துக்கு 6 நாள் என்றால் சுமார் இரண்டு மணி நேரம். அதாவது வாரம் ஒரு முழுநீளப் படம், வருஷத்துக்கு ஐம்பது.

அத்தனை சம்பவத்தை யாராலும் யோசிக்க முடியாது. யோசித்தாலும் எடுக்கப் பணம் பத்தாது. அதனால் சீரியல் கதை சம்பவத்தில் ஓடுவதில்லை, 'யாருக்கு என்ன தெரியும்' என்பதில் ஓடுகிறது. பத்துப் பேர் உள்ள வீட்டில் ஒருத்தியிடம் ஒரு ரகசியம் இருந்தால், மற்ற ஒன்பது பேருக்கும் அது தெரியவருவது ஒன்பது காட்சி. ஒவ்வொன்றும் ஒரு நாளைத் தாங்கும். ஒட்டுக்கேட்கப் புது செட் வேண்டாம், வண்டி வேண்டாம், அதே ஹால் போதும். சீரியல் வீடு என்றால் ஹால் நடுவே மாடிப்படி இருப்பதும் இதற்குத்தான். கீழே பேசுபவரையும் மேலே கேட்பவரையும் ஒரே ஷாட்டில் அடக்கிவிடலாம்.

ஒட்டுக்கேட்பதை விடுங்கள், கேட்டவர் நேரில் போய் ஒரு வார்த்தை விசாரிக்காமல் இருக்கிறாரே, அதைத்தான் குறை சொல்ல வேண்டும். விசாரிக்க முடியாதபடி ஒரு காரணம் இருந்தால் கதை நிற்கும். அவளிடம் வாங்கிய கடன் பாக்கி இருக்கலாம், பழைய அவமானம் இருக்கலாம், மாமியாருக்குச் செய்து கொடுத்த சத்தியம் இருக்கலாம். சோம்பேறி எழுத்தில் அந்த நேரம் பார்த்து போன் சார்ஜ் தீர்ந்துவிடும்.

அதிர்ச்சிக் காட்சியில் எல்லார் முகத்தையும் மூன்று முறை மாற்றி மாற்றிக் காட்டுகிறார்களே, அதற்கும் கணக்கு உண்டு. வசனத் தாளில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். எட்டு முகம், ஆளுக்கு 4 நொடி, மூன்று சுற்று என்றால் 96 நொடி. ஒன்றரைப் பக்கம் எழுதாமலே ஓடிவிட்டது. என்றைக்கு முகங்கள் அதிகமோ, அன்றைக்கு வசனம் தாமதமாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தலையில் அடிபட்டுப் பழசெல்லாம் மறப்பதும், இன்னொரு அடி விழுந்து ஞாபகம் திரும்புவதும் நடக்கக்கூடியதா?
– வாசகர், ஓமலூர்

இரண்டாவது அடி மூளைக்கு இன்னும் கேடுதான் செய்யும். தலைக்காயத்தில் பெரும்பாலும் மறப்பது விபத்தை ஒட்டிய நேரமும், அதன்பிறகு நடக்கும் புது விஷயங்களும். தன் பெயரையும் கட்டிய கணவனையும் சுத்தமாக மறந்துவிட்டு, சமையலும் கோலமும் மட்டும் பிசகாமல் இருப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

ஆனால் தயாரிப்பாளருக்குக் கோமா கைகண்ட மருந்து. நடிகைக்கு வேறு படப்பிடிப்பு, பிரசவ விடுப்பு, சம்பளத் தகராறு என்று ஏதாவது வந்தால், ஒரு கட்டில், ஒரு சலைன் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரிப் பச்சைத் திரைச்சீலை, அரை நாள் கால்ஷீட். படுத்திருப்பதைப் பல கோணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஒப்பேற்றலாம். முகமெல்லாம் கட்டுப் போட்டிருந்தால் ஆளே வேறாக இருந்தாலும் தெரியாது. கட்டைப் பிரிக்கும்போது புது முகம் வரும்.

இந்தச் சுற்றுவழியே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டால் நம் ஜனம் இரண்டு நாளில் பழகிக்கொள்ளும். 'எதிர்நீச்சல்' தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது, அதில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானார். அந்தப் பாத்திரத்தில் வேல ராமமூர்த்தி வந்தார். ஒப்பீடு இருந்தது. கதை நிற்கவில்லை.

வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வில்லி சொத்து முழுவதையும் எழுதிக்கொள்கிறாளே, அப்படி முடியுமா?
– வாசகி, ஆத்தூர்

முடியாது. வீடு, நிலத்தைக் கிரயமோ தான செட்டில்மென்டோ செய்தால் பதிவு கட்டாயம். எழுதிக்கொடுப்பவர் சார்பதிவாளர் முன் வர வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், கைரேகையும் புகைப்படமும் எடுப்பார்கள். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சொத்து கைமாறாது.

வில்லிக்கு நம்பும்படியான ஆயுதம் வேண்டுமானால் இரண்டு இருக்கின்றன. ஒன்று பவர் பத்திரம், அதாவது சொத்தைக் கையாளும் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுப்பது. 'அலைய வேண்டாம் மாமா, எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்' என்று முதியவரைத் தானே கூட்டிப்போய்ப் பதிய வைக்கலாம். இன்னொன்று உயில். அதற்குப் பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சி கையெழுத்து போதும். அதனால்தான் உண்மையான வழக்குகளிலும் சாட்சிக்காரரைத் தேடி அலைகிறார்கள். காணாமல் போன சாட்சியை வைத்து ஆறு மாதம் கதை சொல்லலாம்.

'பொண்ணுக்கு ஏது சொத்து' என்ற வசனம் இப்போதும் வருகிறது. பேசுகிற பாத்திரம் அறியாமல் பேசலாம், எழுதுகிறவர் அறியாமல் எழுதக்கூடாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் உண்டு. அப்போது ஏற்கெனவே மணமாகியிருந்தவர்களை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டம் அவர்களையும் சேர்த்தது. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை உயில் மூலம் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். எழுதாமல் போனால் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் உயிரோடிருந்தால் அவர் எல்லோருக்கும் சம பங்கு. மூத்த அக்காவும் கடைசித் தங்கையும் 1989-க்கு முன்னும் பின்னும் மணமானவர்கள் என்று வைத்துப் பாருங்கள், வில்லியே தேவையில்லை.

சேலத்தை வைத்து சீரியல் எழுத ஆசை. எங்கே தொடங்குவது?
– வாசகர், செவ்வாய்பேட்டை

உங்கள் தெருவிலேயே. சீரியல் குடும்பங்களில் எல்லோரும் 'கம்பெனி'க்குப் போகிறார்கள். என்ன கம்பெனி, என்ன விற்கிறது என்று ஆயிரம் எபிசோடு போனாலும் தெரியாது. வருமானம் கண்ணுக்குத் தெரியாததால், சண்டைக்கு நகைப்பெட்டியும் சாவிக்கொத்தும்தான் மிஞ்சுகின்றன.

கொலுசுப் பட்டறைக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரி எடை போட்டு வெள்ளி தருவார், கொலுசாக எடை போட்டுத் திருப்ப வேண்டும், நடுவில் குறைவது சேதாரம். ஒத்துக்கொண்ட சேதாரத்துக்கு மேல் 40 கிராம் குறைந்தால்? அரத்தூளிலா, மெருகிலா, வீட்டு ஆள் ஒருவரின் மடியிலா? இதற்கு ஒட்டுக்கேட்க வேண்டாம், தராசே பேசும். அடுத்தது டச், அதாவது வெள்ளியின் தரம். வந்த வெள்ளியில் தரம் குறைவு என்றால் பழி யார் மேல்? வியாபாரியின் வெள்ளியில் கூலிக்குச் செய்தால் விலை ஏற்றம் பட்டறைக்காரரைத் தொடாது. ஆர்டர் பிடித்துவிட்டு வெள்ளியைக் கடனுக்கு வாங்கிச் செய்கிற தம்பிக்கு, தீபாவளிக்கு முன் விலை ஏறினால் கழுத்தில் கத்தி. அண்ணன் கூலிக்காரர், தம்பி சொந்த சரக்கு. இந்த ஒரு வித்தியாசத்திலேயே குடும்பம் இரண்டாகும்.

செலவுக்கும் இது தோது. பட்டறை வீட்டு முன்னறையிலேயே இருப்பதால் தனி செட் தேவையில்லை. கம்பி இழுக்கும் மெஷினை மட்டும் வசனத்தின்போது நிறுத்தி, சத்தத்தைப் பிறகு சேர்க்கச் சொல்லுங்கள். முன்னறையில் கொலுசைப் பொடி வைத்துப் பற்றவைப்பார்கள், உள்ளறையில் பொடி வைத்துப் பேசுவார்கள். வசனகர்த்தாவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பேச்சில் கவனம் வேண்டும். 'ஏனுங்க'வை எல்லார் வாயிலும் ஒட்டினால் சேலம் ஆகிவிடாது. சங்ககிரி, எடப்பாடிப் பக்கம் கொங்கு வாடை தூக்கும். சேலம் நகரத்திலோ வீட்டுக்குள் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசி வாசலில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். அந்தப் படி தாண்டும்போது பேச்சு மாறுவதை இதுவரை யாரும் சரியாகக் காட்டவில்லை.

அனுப்புவதற்கு வேண்டியவை: கதை ஒரு பக்கம், பத்துப் பன்னிரண்டு பாத்திரங்களின் குறிப்பு (வயது, தொழில், என்ன வேண்டும், எதை மறைக்கிறார்), முதல் 20 எபிசோடுக்கு ஒன்லைன் (ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்ற சுருக்கம்), ஒரே ஒரு எபிசோடுக்கு முழு வசனம். நூறு எபிசோடு எழுதிக்கொண்டு போனால் யாரும் படிக்க மாட்டார்கள். சட்டம் யோசனையைக் காக்காது, எழுத்தைத்தான் காக்கும். அதனால் வாயால் சொல்லுமுன் எழுதித் தேதியோடு பதிந்துவையுங்கள்.

ஏற்காட்டில் எடுக்கும் காட்சிகள் ஏன் ஒட்டாமல் தெரிகின்றன?
– வாசகி, ஏற்காடு

மூடுபனிதான் முதல் காரணம். அவன் பேசும்போது பின்னால் வெள்ளையாக மூடியிருக்கும், கேமராவைத் திருப்பி அவளை எடுப்பதற்குள் பனி விலகி, கீழே சேலமே தெரியும். இரண்டையும் வெட்டி ஒட்டினால் ஒருவர் டிசம்பரிலும் ஒருவர் ஏப்ரலிலும் நிற்பதுபோல் இருக்கும். இரண்டு கேமரா வைத்து இருவரையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். முடியாவிட்டால் அகலமான ஷாட்டை முதலில் முடித்துக்கொண்டு, நெருக்க ஷாட்டுக்குப் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு மரத்தையோ சுவரையோ பின்னணியாக வைக்க வேண்டும்.

இரண்டாவது, பிரேக். 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று பிரேக் பிடிக்காமல் பறக்கிறது. ஏறும் வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் தணிந்துவிடும். ஆபத்து இறங்கும்போதுதான். கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். வில்லன் ஒயரை அறுக்கவே வேண்டாம், மலைப்பாதை தெரியாத டிரைவரை அனுப்பினால் போதும்.

பிறகு, தேயிலைத் தோட்டத்தைக் காட்டி 'ஏற்காடு' என்று எழுத்துப் போடுவது. சேர்வராயன் மலை முக்கியமாகக் காப்பி மலை. சில்வர் ஓக் நிழல், அதில் ஏறும் மிளகுக்கொடி. கோடை மழைக்குப் பிறகு சில நாள்தான் வெள்ளைப் பூ நிற்கும். பழம் பறிப்பது நவம்பர், டிசம்பர், ஜனவரி வாக்கில். மே மாதக் கோடைவிழா காட்சியில் கூடை நிறையச் சிவந்த பழம் இருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.

இந்த மலையின் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். அவர்கள் பேசுவது தமிழ். அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுக் கசவுச் சேலை கட்டி 'எந்தா' என்று பேசவைப்பதை மன்னிக்க முடியாது.

'சோப் ஆப்பரா' என்று ஏன் பெயர்?
– வாசகர், மேட்டூர்

1930-களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரத் தொடர்கதைகளுக்குச் சோப்புக் கம்பெனிகள் விளம்பரம் கொடுத்தன. பெயர் ஒட்டிக்கொண்டது. நம் நாட்டில் 1984-ல் தூர்தர்ஷனின் 'ஹம் லோக்' இந்த வகைக்கு வழி திறந்தது.

ராத்திரி தூங்கும்போதுகூடப் பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை. யாராவது இப்படித் தூங்குவார்களா?
– வாசகி, சேலம் நாலு ரோடு

கதை வரிசையில் எடுப்பதில்லை. ஹால் காட்சிகளை மொத்தமாக முடித்துவிட்டுத்தான் படுக்கையறைக்குப் போவார்கள். ஒவ்வொரு தடவையும் புடவை மாற்றி நகை கழற்றி மாட்டினால் அரை மணி நேரம் போச்சு. கடைசியில் ஓடும் எழுத்துகளில் 'உடை உதவி', 'நகை உதவி' என்று வருகிறதே, அந்தக் கடைக்காரருக்கும் சரக்கு கண்ணில் பட வேண்டாமா?

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு, அதுவும் உங்கள் ஊர்ச் சரக்குக்கு. நேரடியாக ஒலிப்பதிவு செய்கிற இடத்தில் கொலுசின் மணிச் சத்தம் மைக்கில் ஏறி வசனத்தைக் கெடுக்கும். அதனால் காலைக் காட்டாத ஷாட்டில் கொலுசைக் கழற்றிவைக்கச் சொல்லிவிடுவார்கள். கதாநாயகி நடக்க நடக்க 'ஜல் ஜல்' என்று கேட்பது பின்னால் சேர்த்தது.