லாம்ப்ரே மீனின் வாய்ச்சுரப்பில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன? வேலூரில் இருந்துகொண்டு அதில் ப்ராஜெக்ட் செய்ய முடியுமா?

கேட்டிருப்பவர் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் மாணவர். பாலாற்று விலாங்கிலும் ஆரலிலும் இதே சுரப்பு கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறார். அதை முதலில் முடித்துவிடலாம். கிடைக்காது. விலாங்கும் ஆரலும் பார்க்க நீளமாக, வழவழப்பாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் தாடை உண்டு, இரண்டும் புழு, பூச்சி, சிறு மீன் தின்பவை. லாம்ப்ரே மற்ற மீன்களில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் உயிரி, அதற்குத் தாடையே கிடையாது. வட்டமான உறிஞ்சுவாய், அதில் கெரட்டின் பற்கள், நடுவில் அரம் போலச் சுரண்டும் நாக்கு, பக்கத்துக்கு ஏழு செவுள் துளைகள். குளிர்ந்த நாட்டு நீர்நிலைகளில் வாழ்வது. இந்தியாவில் ஓர் இனம்கூட இல்லை. மோர்தானா அணையில் தேடிப் பயனில்லை.

அமேசானின் கண்டிரு கெளுத்தியும் இரத்தம் குடிக்கும் மீன்தான். ஆனால் அது பெரிய மீனின் செவுளுக்குள் புகுந்து, தமனியைக் குத்தித் திறந்து, அந்த அழுத்தத்திலேயே பாயும் இரத்தத்தை ஒன்றிரண்டு நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு வெளியேறிவிடும். லாம்ப்ரே நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அத்தனை நாளும் காயம் உறையக்கூடாது. புரதத்தில் ஆர்வம் உள்ளவர் லாம்ப்ரேவை எடுப்பதே சரி.

சுரப்பு வருவது தலையின் அடிப்பக்கத் தசைக்குள் புதைந்திருக்கும் ஒரு ஜோடி அவரைவிதை வடிவச் சுரப்பிகளிலிருந்து. நாளங்கள் நாக்கின் கீழே திறக்கும். இது உறைதலைத் தடுக்கிறது என்று 1927-லேயே எழுதிவிட்டார்கள். புரதங்களைப் பிரித்துப் பார்த்தது பெரும்பாலும் 2000-க்குப் பிறகு, ஜப்பானிலும் சீனாவிலும், அங்கே கிடைக்கும் ஆற்று லாம்ப்ரேவில். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த இனம் இரத்தத்தோடு சதையையும் சுரண்டித் தின்னும். முழுக்க இரத்தத்தையே நம்பியிருப்பது அட்லாண்டிக் கடல் லாம்ப்ரே. அதனால் ஓர் இனத்தில் கண்டதை இன்னொன்றுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லாதீர்கள். வைவாவில் மாட்டுவது இங்கேதான்.

சுரப்பில் அதிகமாக இருப்பவை இரண்டு. முதலாவது சுமார் 160 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). ஃபைப்ரினோஜனை, அதாவது இரத்தம் உறையும்போது நார்வலையாக மாறும் பிளாஸ்மா புரதத்தை, வெட்டும் நொதி. இரண்டாவது சுமார் 26 கிலோடால்டன், சிஸ்டீன் மிகுந்த கிரிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்தது. பாம்பு விஷத்திலும் இதன் உறவினர்கள் உண்டு. மென்தசையின் எல்-வகைக் கால்சியம் வாயிலை அடைத்து இரத்தக் குழாயை விரியச் செய்கிறது. இவை தவிர ஆர்ஜிடி என்ற மூன்று அமினோ அமிலத் தொடரை மூன்று இடத்தில் வைத்திருக்கும், ஹிஸ்டிடின் நிறைந்த சிறு புரதம் ஒன்றும் இருக்கிறது. தட்டணுக்களின் பரப்பில் உள்ள இன்டெக்ரின் என்ற ஒட்டும் புரதத்தைப் பிடித்து, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் செய்யும். நம் பக்கத்துக் காய்ந்த மலையடிவாரங்களில் திரியும் சுருட்டை விரியனின் எக்கிஸ்டாட்டின் என்ற விஷப் புரதத்திலும் இதே தொடர்தான். டைரோஃபிபான் என்ற இதயநோய் மருந்து அதைப் பார்த்து வடிவமைக்கப்பட்டது. எலியின் நரம்பணுக்களில் சோடியம் மின்னோட்டத்தை லாம்ப்ரே சுரப்பு குறைத்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

ப்ராஜெக்டுக்கு முக்கியமானது முதல் புரதம்தான். அட்டையின் ஹிருடின் 65 அமினோ அமிலங்கள் கொண்டது. ஃபைப்ரினோஜனை நாராக மாற்றும் நொதியான த்ராம்பினோடு ஒன்றுக்கு ஒன்றாக ஒட்டி அதை முடக்கும். லாம்ப்ரே நொதி ஃபைப்ரினோஜனையே தீர்த்துவிடுகிறது. அட்டை கொத்தனாரின் கையைக் கட்டுகிறது, லாம்ப்ரே செங்கல்லை உடைக்கிறது. கண்ணாடி விரியன் விஷம் மூன்றாவது வழி: X, V என்ற எண்களால் குறிக்கப்படும் உறைதல் காரணிகளைத் தூண்டிவிட்டு, உடம்பே தன் ஃபைப்ரினோஜனைச் செலவழித்துத் தீர்க்கும்படி செய்கிறது. மூன்றிலும் கடைசியில் இரத்தம் உறையாது. எது எந்த வழி என்று சோதனையால் பிரித்துக் காட்டுவதே நல்ல எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். அதற்கு லாம்ப்ரே கையில் இருக்கவே வேண்டாம். மாட்டு அட்டையின் தலைப்பகுதிச் சாறும் ஃபைப்ரினோஜனை வெட்டும் ஏதாவது ஒரு நொதியும் போதும்.

பிரித்துக் காட்டும் சோதனை நேரத்தை வைத்துத்தான். 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் ஒரு பங்கு, இரத்தம் ஒன்பது பங்கு கலந்து பிளாஸ்மாவைப் பிரித்தெடுங்கள். இறைச்சிக் கூடத்து ஆட்டு இரத்தமே போதும், மனித இரத்தம் என்றால் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். பிளாஸ்மா 200 மைக்ரோலிட்டரில் மாதிரி 20 மைக்ரோலிட்டர் சேர்த்து 37 டிகிரியில் 0, 10, 30, 60 நிமிடம் வைத்து, ஒவ்வொன்றிலும் த்ராம்பின் சேர்த்து உறையும் நேரத்தைக் குறியுங்கள். ஹிருடின் போன்ற தடுப்பான் என்றால் பூஜ்ய நிமிடத்திலேயே நேரம் நீண்டுவிடும், அதன்பிறகு பெரிய மாற்றம் இராது. நொதி என்றால் பூஜ்யத்தில் ஏறக்குறைய இயல்பாக இருந்து, வைக்க வைக்க நீளும். பஃபர் மட்டும் சேர்த்த குழாயையும் ஒவ்வொரு நேரத்துக்கும் வைக்க வேண்டும். ஒரே ஒரு பஃபர் குழாயைத் தொடக்கத்தில் மட்டும் வைத்துவிட்டு எழுதும் அறிக்கைகள் ஏராளம், அவற்றை நம்ப முடியாது.

அடுத்தது எஸ்டிஎஸ்-பேஜ், அதாவது புரதங்களை அளவுவாரியாக ஜெல்லில் பிரிக்கும் சோதனை. ஃபைப்ரினோஜன் மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம், 50 மில்லிமோலார் ட்ரிஸ், பிஎச் 7.4, 37 டிகிரி. 0, 5, 15, 30, 60, 120 நிமிடங்களில் கொஞ்சம் எடுத்து, மெர்காப்டோஎத்தனால் (சங்கிலிகளை இணைக்கும் டைசல்ஃபைடு பிணைப்பை அறுப்பது) உள்ள மாதிரிப் பஃபரில் போட்டு 5 நிமிடம் கொதிக்க வையுங்கள். மெர்காப்டோஎத்தனாலை விட்டுவிட்டால் 340 கிலோடால்டன் மூலக்கூறு முழுசாக ஜெல்லின் வாயிலேயே நின்றுவிடும். சேர்த்தால் ஆல்ஃபா, பீட்டா, காமா சங்கிலிகள் ஏறத்தாழ 65, 56, 47-இல் தனித்தனியாகத் தெரியும். எது முதலில் மறைகிறது என்பதுதான் விடை.

தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவை. விலைக்கு வாங்கும் ஃபைப்ரினோஜனில் பிளாஸ்மினோஜன் கலந்திருக்கலாம், அது தூண்டப்பட்டு ஃபைப்ரினோஜனை வெட்டும் நொதியாக மாறினால் உங்கள் மாதிரி வெட்டியதாகவே தோன்றும். மாதிரியில் இரத்தம் கலந்தாலும் இதே கதை. 16 கிலோடால்டன் அருகே தடித்த ஹீமோகுளோபின் பட்டை தெரிந்தால் அந்தச் சாற்றைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். நொதி எந்த வகை என்று பார்க்க செரின் வகை நொதியைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் 1 மில்லிமோலார், உலோகம் தேவைப்படும் நொதியைத் தடுக்கும் ஈடிடிஏ 5 மில்லிமோலார் தனித்தனியாகச் சேர்ப்பார்கள். பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் சீக்கிரம் செயலிழக்கும். ஐசோப்ரோப்பனாலில் கரைத்து வைத்து, பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் சேருங்கள். ஈடிடிஏவை ஜெல் சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளாஸ்மா உறைதல் சோதனையில் அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பொய்யான முடிவு தரும்.

முழு இரத்தத்தில் காட்ட விரும்பினால், பாம்புக்கடிக்கு மருத்துவமனைகளில் செய்யும் 20 நிமிடச் சோதனையே மாதிரி: 2 மில்லிலிட்டர் புது இரத்தம், சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாய், 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாய் கூடாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியும் கூடாது. இரண்டிலும் கண்ணாடிப் பரப்பின் தூண்டல் கிடைக்காமல் நல்ல இரத்தமே உறையாமல் நிற்கும். செய்முறையில் ‘அறை வெப்பநிலை’ என்று போட்டிருப்பது சுமார் 25 டிகிரியை. மே மாதத்து வேலூர் அறையில் அப்படியே செய்தால் ஜனவரியில் எடுத்த எண்களோடு ஒத்துப்போகாது. தண்ணீர்க் குளியலில் வெப்பத்தை நிலையாக வைத்துவிட்டு நேரத்தைக் குறியுங்கள்.

லாம்ப்ரே புரதமேதான் வேண்டும் என்றால் மரபணுத் தொடரை எடுத்துச் செயற்கையாக எழுதி வாங்கி, ஈ.கோலை பாக்டீரியாவில் அந்தப் புரதத்தை உருவாக்கலாம். ஆர்ஜிடி புரதத்தில் தொடங்குங்கள். சிறியது, ஹிஸ்டிடின் மிகுந்ததால் புரதத்தைப் பிரிக்கும் நிக்கல் காலம் (column) அதைப் பிடித்துக்கொள்ளும். தட்டணுச் சோதனைக்கு முன் எண்டோடாக்ஸினை, அதாவது ஈ.கோலையின் உறையிலிருந்து கலக்கும் நச்சை, நீக்கிவிடுங்கள். கிரிஸ்ப் புரதம் சிரமம்: 16 சிஸ்டீன், 8 டைசல்ஃபைடு பிணைப்பு. சாதாரண பிஎல்21 என்ற ஈ.கோலை ரகத்தில் தப்பாக மடிந்து கட்டியாகிவிடும். ஷஃபிள் ரகமோ பிக்கியா ஈஸ்டோ வேண்டும், அப்போதும் ஒரு செமஸ்டர் பத்தாமல் போகலாம். 160 கிலோடால்டன் நொதியை இப்படி உருவாக்க எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் முயலவே வேண்டாம்.