சோபாவில் சிறுநீர் பீய்ச்சும் ஆண் பூனை: பெங்களூரு அல்சூர் சகோதரிக்குப் பதில்

வணக்கம் சகோதரி. 8 மாத ஆண் பூனை திடீரென்று சோபா, கதவு, திரைச்சீலை என்று எல்லாவற்றிலும் சிறுநீர் பீய்ச்சுகிறது, ராத்திரி முழுக்கக் கத்துகிறது, அடித்தால் திருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். பயம்தான் கூடும், பீய்ச்சுவது நிற்காது. அது உங்களைப் பழிவாங்கவில்லை, பருவத்துக்கு வந்துவிட்டது.

நின்றபடி வாலைத் தூக்கி, வால் நுனி நடுங்க, பின்பக்கமாகச் சுவரில் பீய்ச்சுகிறதா? அப்படியென்றால் எல்லை குறிக்கிறது. அல்சூர் சந்துகளில் கடுவன் பூனைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒன்று உலாத்தினாலே இதற்குப் போதும்.

கருத்தடை செய்துவிடுங்கள். பெரும்பாலான ஆண் பூனைகள் அதன்பின் அடங்கிவிடும். ஹார்மோன் குறையச் சில வாரங்கள் ஆகும், பொறுமையாக இருங்கள். ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்துப் பாருங்கள்.

துடைக்க பினாயில் வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம். செல்லப்பிராணிக் கடையில் என்சைம் கிளீனர் (சிறுநீர் வாடையைச் சிதைத்துப் போக்கும் திரவம்) கேட்டு வாங்குங்கள். வாடை மிச்சமிருந்தால் அதே இடத்துக்குத்தான் திரும்ப வரும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. குந்தி உட்கார்ந்து முக்கியும் சொட்டுக்கூட வரவில்லை, வலியில் கத்துகிறது, பின்புறத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் அது சிறுநீர் அடைப்பு. ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் மிகவும் குறுகல். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். நடுராத்திரியானாலும் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.