பெரியப்பாவின் இழுப்பு

அன்புள்ள அண்ணனுக்கு,

நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து மதுரையில் ஒரு இசைக்குழு வைத்திருக்கிறோம். இரண்டு வருடமாகச் சரியான மேடை இல்லை. கிதார்காரர் கார்லோஸ் சாண்டானாவின் அமெரிக்க ராக் குழுவை 1999-ல் ‘ஸ்மூத்’ என்ற ஒரே பாட்டு தூக்கி நிறுத்தியது என்கிறார்கள். ஆனால் எழுதியதும் பாடியதும் வேறு ஆட்கள். பிழைப்புக்காக ஒரு சின்னப் பையனைப் பிடித்துப் போட்ட பாட்டாகத்தான் எனக்குப் படுகிறது. நாங்களும் அந்த அளவுக்கு இறங்கத்தான் வேண்டுமா?

— ஒரு வாசகர், திருமங்கலம்

தம்பி,

‘இறங்க’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. ஒரு வாரமாக நானும் அந்தப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் இடால் ஷூரும் ராப் தாமஸும், பாடியது தாமஸ், சிறந்த பாடலுக்கான கிராமி விருதும் எழுதிய அந்த இருவருக்குத்தான் போனது. சரி. அமெரிக்கப் பாடல் பட்டியலில் 12 வாரம் முதலிடம், அதற்கு முன் 7 வருடம் குழுவிடமிருந்து ஸ்டுடியோ ஆல்பமே இல்லை, சாண்டானாவுக்கு வயது 52, அதுவும் சரி. பாட்டைக் காது கொடுத்துக் கேட்டீர்களா? தாமஸ் வாய் திறக்கும் முன்பே கிதார் வந்துவிடுகிறது. அப்புறம் அவர் வரியை முடித்து மூச்சு வாங்குகிற சந்தில் எல்லாம் அது நுழைந்து பதில் சொல்கிறது. 1970-ல் ‘பிளாக் மேஜிக் உமன்’ பாட்டில் அழுத அதே கிதார்தான், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இதில் இறங்கியது யார்?

சாண்டானாவின் அப்பா மெக்சிகோவில் மரியாச்சி வயலின்காரர். நம்ம ஊர் பேண்டு செட் மாதிரி கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாசிக்கிற கூட்டம் அது. அதை நினைத்தாலே எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிடும்.

பெரியப்பா சோழவந்தானில் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தார். நம்ம பக்கத்துக் கல்யாணங்களுக்குச் செண்டை மேளம் வர ஆரம்பித்த பிறகு அவர்களைக் கூப்பிட ஆளில்லை. ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு டிரங்குப் பெட்டிக்குப் போனது. ஆனாலும் தினமும் சாயங்காலம் கிளாரினெட்டை எடுத்துவிடுவார். அதில் விரலால் அழுத்துகிற சாவிகளில் தளர்ந்துபோன ஒன்றை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பார். ஊதுகிற முனையில் பொருத்தும் ரீடு பட்டை வாயில் ஊறிக்கொண்டிருக்கும், பேச முடியாது, பெரியம்மாவிடம் கையால் ஜாடை காட்டிக் காபி கேட்பார். கேட்க ஆளில்லாத அந்த நாலு வருடமும் ஒரு நாள்கூட விட்டதில்லை.

அப்புறம் வாடிப்பட்டியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் கீபோர்டைக் கொண்டுவந்து, அந்த வருடம் ஊரெல்லாம் ஓடிய ஒரு சினிமாப் பாட்டை எடுத்தான். செட்டில் மற்றவர்கள் உங்களைப் போலத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரியப்பா அந்தப் பாட்டை வாசிக்கவில்லை. பையன் வரியை விடுகிற இடத்தில் மட்டும் புகுந்து, முப்பது வருடமாக வாசித்துவந்த தன்னுடைய இழுப்பை வைத்தார், வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார், அடுத்த வரி முடிந்ததும் மறுபடி வந்தார். பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு வாசலுக்கு வந்து நின்றதை நான் பார்த்தேன். அந்த ஆவணியில் மட்டும் செட்டுக்கு ஒன்பது முகூர்த்தம்.

ஹிட் பாட்டு வேண்டுமா வேண்டாமா என்று இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், உங்கள் ஐந்து பேரில் யார் என்ன வாசிக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லையே தம்பி. அடுத்த கடிதத்தில் முதலில் அதை எழுதுங்கள்.