ராகிக் காவலுக்கு ராத்திரியில் ட்ரோன் விடலாமா?

தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: "ராகி கதிர் முற்றி நிற்கிறது. ராத்திரியானால் யானை இறங்குகிறது. அக்கா மகனிடம் கல்யாணத்துக்குப் படமெடுக்கும் ட்ரோன் இருக்கிறது, எடை ஒரு கிலோவுக்குள். அதை விட்டு யானை நிற்கும் இடத்தைப் பார்க்கலாமா? விரட்டலாமா?"

விரட்ட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குள் விலங்கைத் துரத்துவதும் வருகிறது. யானை அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கும் விலங்கு. தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வனத்துறை ஆட்கள் முன்நின்று காட்டுக்குள் திருப்பிவிடுவது வேறு விஷயம்.

சட்டத்தை விட எனக்குப் பெரிய பயம் வேறொன்று. தலைக்கு மேல் இரைச்சல் கேட்டதும் குட்டியோடு இருக்கும் கூட்டம் சிதறும். எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வயல் பரணில் ஒருவர் படுத்திருப்பார், அவருக்கு நீங்கள் ட்ரோன் விட்டதே தெரியாது.

சரி, பார்க்க மட்டும் விட்டால்? கல்யாணக் கேமரா இருட்டில் யானையைக் காட்டாது, திரை கருப்பாகத்தான் இருக்கும். உடல் சூட்டைப் பிடிக்கும் தெர்மல் கேமரா வேண்டும். அதோடு, ராத்திரியில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது ட்ரோனின் சின்ன விளக்கு மட்டும்தான். அது நம்மைப் பார்த்து வருகிறதா, விலகிப் போகிறதா என்பதே குழம்பும். தென்னை மட்டையும் மின்கம்பியும் தெரியவே தெரியாது. பனி இறங்கும் மாதத்தில் லென்ஸும் மூடிக்கொள்ளும்.

ட்ரோன் விதிக்கு வருவோம். 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பழைய விதி, பொதுவாகப் பகலில் மட்டும் என்றது. இப்போது இருப்பது 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள். இவை எடை, பதிவு, வான்பகுதியின் நிறம் (எங்கே பறக்கலாம் என்று அரசு வரைபடத்தில் காட்டும் நிறம்) இவற்றை வைத்துப் பேசுகின்றன. உங்களுடையது 250 கிராமுக்கு மேல், 2 கிலோவுக்குள். அதாவது மைக்ரோ வகை. தனி அடையாள எண்ணும் மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். பச்சைப் பகுதியில் 400 அடி வரை பறக்கலாம், சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். பறக்கவிடும் முன் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் உங்கள் வயலைத் தேடிப் பாருங்கள். விதி மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அப்புறம், உங்கள் மருமகன் கல்யாணத்துக்குக் கூலிக்குப் படமெடுக்கிறார் அல்லவா? அதற்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். சொந்த வயலைப் பார்க்க மட்டும் என்றால் மைக்ரோவுக்கு அது தேவையில்லை.

காவிரி வடக்கு, தெற்கு சரணாலயங்கள் இரண்டும் உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் தருமபுரியையும் தொட்டுக் கிடக்கின்றன. அந்த எல்லைக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் பகலில்கூட விடாதீர்கள்.

ராத்திரி யானை வந்தால் முதல் போன் வனச்சரக அலுவலகத்துக்கு. எத்தனை, குட்டி உண்டா, கடைசியாக எந்த வரப்பைத் தாண்டியது என்று சொன்னால் போதும், வருகிறவர்களுக்கு அதுவே பெரிய உதவி. மருமகனின் ட்ரோனுக்கு மறுநாள் வேலை இருக்கிறது. யானைகள் போய்விட்டன என்று வனக்காவலர் சொன்ன பிறகு, வெயில் ஏறியதும் உங்கள் வயலுக்கு மேல் மட்டும் விட்டு, மிதிபட்ட ராகியை நாலு வரப்பும் தெரியும்படி படமெடுங்கள். இழப்பீட்டு மனுவோடு அந்தப் படங்களையும் சேர்த்துக் கொடுங்கள்.