கடைசி மாதத்து உப்பு

அன்புள்ள அக்கா,

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து வருஷம் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் பேப்பர் போட்டேன், அதாவது ராஜினாமா கொடுத்தேன். 90 நாள் நோட்டீஸ் பீரியட். அன்றிலிருந்து மேனேஜர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டீம் வாட்ஸப் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். அம்மாவுக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷன். இரண்டு நாள் லீவு கேட்டேன். "நோட்டீஸ் பீரியடில் லீவு என்ற பேச்சே கிடையாது, எடுத்தால் ரிலீவிங் லெட்டர் தாமதமாகும்" என்கிறார் ஹெச்.ஆர். சேரும்போது, இரண்டு வருஷத்துக்கு விலக மாட்டேன் என்று பாண்ட் ஒன்றில் கையெழுத்துப் போட்டேன். அது முடிந்துவிட்டது, ஆனாலும் பயமாக இருக்கிறது. ஒருவேளை அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறதோ என்றும் தோன்றுகிறது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த இடம். நடுவில் விட்டுப் போவது துரோகம் செய்வதுபோல் உறுத்துகிறது. லீவு கேட்க எனக்கு உரிமை உண்டா?

கே.

அன்புள்ள தம்பி கே.,

போன வாரம் என் அண்ணன் மகள் வேலையை விட்டாள். அவளுக்குக் கிராஜுவிட்டி, அதாவது பல வருஷம் உழைத்தவர் விலகும்போது கம்பெனி கொடுக்க வேண்டிய பணிக்கொடை, அதற்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க உட்கார்ந்ததிலிருந்து எனக்குத் திருப்பூர் நினைப்பாகவே இருக்கிறது. அதற்கு நடுவில் உங்கள் கடிதம்.

பாண்டை விடுங்கள். பாண்ட் எதுவுமே செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். மூன்று வருஷம் முடியும் முன்பே விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி வைத்த நிபந்தனை செல்லும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் உங்களுடைய இரண்டு வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது. முடிந்த பாண்டுக்கு எதற்குப் பயம்? வாட்ஸப் குழுவையும் விடுங்கள்.

லீவுக்கு வருகிறேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. உடம்பு சரியில்லாவிட்டால் வருஷத்துக்கு 12 நாள், நியாயமான வேறு காரணத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு லீவு எடுக்கலாம் என்கிறது. ராஜினாமா கொடுத்தவருக்கு இது கிடையாது என்று அதில் எங்கும் இல்லை. நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் லீவைக் கடைசித் தேதியோடு கூட்டிக்கொள்வோம் என்று சில கம்பெனிகள் எழுதி வைத்திருக்கும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். அப்படி இருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். அதற்கு முந்தைய வரிதான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. துரோகம் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்குத் துரோகம்? 90 நாள் முன்னால் சொல்லிவிட்டுப் போகலாம் என்று அவர்களே எழுதி, அவர்களே உங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். அந்த வாசல் வழியாகத்தான் போகிறீர்கள். சுவரேறிக் குதிக்கவில்லை. ஒருவரைப் பிடித்து வைத்து வேலை வாங்கச் சொல்லி இந்த நாட்டில் எந்த நீதிமன்றமும் கம்பெனிக்கு உத்தரவு கொடுக்காது. நோட்டீஸ் நாள் குறைந்தால் அதற்கான பணத்தைக் கேட்கலாம். நீங்கள் அதையும் குறைக்கவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்தச் சொல்?

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1992-இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதச் சேர்ந்தேன். 1998-இல் கல்யாணமாகிக் கரூர் போக வேண்டியிருந்ததால் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தேன். ஆறு வருஷம் கல்லாச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. சனிக்கிழமைச் சம்பளப் பட்டுவாடா என் கையால்தான் நடக்கும். நோட்டீஸ் கொடுத்த மறுநாள் சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார். "அம்மிணி, தூக்குப்போசியத் தெறந்து காட்டச் சொல்லியிருக்காங்க." முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் அவர் சொன்னார். திறந்து காட்டினேன். அடியில் கொஞ்சம் மோர்ச்சோறு ஒட்டியிருந்தது. அந்த மாதம் முழுக்க தினமும் காட்டினேன். ஏன் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. போகிறவள் நான்தானே, தப்பு என்னுடையதுதானே என்று நினைத்தேன். உங்களைப் போலவே.

கடைசி நாள் சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தேன். கிராஜுவிட்டி என்று ஒன்று உண்டென்று எனக்குத் தெரியும், கணக்கு எழுதியவள் இல்லையா? கேட்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஆறு வருசம் சோறு போட்ட எடம் கண்ணு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லியிருக்காங்க. காசு கேட்டுட்டுப் போய் நிக்காத" என்றார். கேட்கவில்லை. நான் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 2,600 ரூபாய். 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 100. வருஷத்துக்கு 15 நாள் வீதம் 1,500. ஆறு வருஷத்துக்கு 9,000. என் கல்யாணத்துக்கு அப்பா வட்டிக்கு வாங்கியிருந்த கடன் பத்தாயிரம்.

அந்தப் பழமொழியோடு அன்றிலிருந்து எனக்குச் சண்டை. பழமொழி பொய்யில்லை. பசியோடு வந்தவனை உட்காரவைத்து இலை போட்டவரைப் பற்றியது அது. கம்பெனி எனக்கு இலை போடவில்லை. சம்பளம் என்ற சொல்லுக்கே ஒரு விளக்கம் சொல்வார்கள்: சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாக அளந்த காலத்தில் வந்த சொல் என்று. அந்த உப்பு அன்றைக்கு நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்துவிட்டு மரக்காலில் அளந்து வாங்கிய உப்பு. அதை எப்படி இட்ட உப்பு என்பது? இட்டது வேறு, வாங்கியது வேறு. என் அம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. உங்களுக்காவது புரியட்டும் என்றுதான் இவ்வளவு நீட்டுகிறேன்.

வேலை கற்றுக்கொடுத்த இடம் என்கிறீர்கள். கற்றுக்கொண்டதை வைத்து இத்தனை வருஷம் அவர்களுக்குத்தானே செய்து கொடுத்தீர்கள்? கற்றுக்கொடுத்த மனிதர் ஒருவர் இருப்பார், ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டாலும் போனை எடுத்தவர். அவரை நினையுங்கள், உள்ளளவும் நினையுங்கள். போவதற்குள் ஒரு நாள் அவரைக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். உங்கள் வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்து ஒப்படைப்பதை (கே.டி. என்கிறீர்களே, அதை) ஒழுங்காகச் செய்யுங்கள், உங்கள் நாற்காலியில் அடுத்து உட்காரும் பிள்ளை திணறக் கூடாது. தலையைத் தொங்கப்போட்டு நடக்கச் சொல்லி எந்த ஆர்டரிலும் எழுதவில்லை.

இன்னொரு கோபமும் இருக்கிறது. இவ்வளவு எழுதியவர் கிராஜுவிட்டி என்ற சொல்லையே எழுதவில்லை! ஐந்து வருஷம் தாண்டியவர் நீங்கள். 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஓய்வு பெற்றால் மட்டுமில்லை, ராஜினாமா செய்தாலும் உண்டு என்று எழுதியே இருக்கிறது. இப்போது அது 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, வருஷத்துக்கு 15 நாள் என்ற கணக்கு அதேதான். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட துண்டு முழு வருஷமாகச் சேரும். அதனால் உங்களுக்கு ஆறு வருஷம். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேர்த்து. சம்பளப் பாக்கிக்கு நாற்பத்தைந்து நாள் ஆகும் என்பார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சம்பளச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. கேளுங்கள் தம்பி. நான் கேட்காமல் வந்த மாதிரி வராதீர்கள்.

லீவை வாயால் கேட்க வேண்டாம். மெயில் அனுப்புங்கள்: எந்தத் தேதி, என்ன காரணம், அந்த இரண்டு நாளும் உங்கள் வேலையை யார் பார்ப்பார். முடியாது என்றால் அவர்களும் மெயிலிலேயே சொல்லட்டும். வாயால் மிரட்டுகிறவர்கள் எழுத்தில் கொஞ்சம் யோசிப்பார்கள். அப்புறம் மதுரைக்கு டிக்கெட் போட்டுவிடுங்கள். ஆபரேஷன் முடிந்தபின் ஒரு நாளில் பல தடவை சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும், அம்மா தானாக விட்டுக்கொள்ளத் தடுமாறுவார். எந்தக் கண், என்றைக்கு என்று நீங்கள் எழுதவே இல்லை. எழுதுங்கள்.