நெஞ்சு நீரில் எல்.டி.ஹெச். கூடினால் புற்றுநோயா?

கேள்வி: தம்பிக்கு வயது 26. மூன்று வாரமாகக் காய்ச்சல், மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தல். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று ஊசி போட்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். எல்.டி.ஹெச். 640, ஏ.டி.ஏ. 72. எல்.டி.ஹெச். கூடினால் கேன்சர் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. வீட்டில் மீதமிருந்த லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை ஐந்து நாள் கொடுத்தோம். ஊசி போட்ட இடம் வலிக்கிறது என்கிறான், முடியும் கொட்டுகிறது.

பதில்: எல்.டி.ஹெச். புற்றுநோய்க்கான சோதனையே அல்ல. உடம்பின் எல்லாச் செல்களிலும் உள்ள நொதி அது. செல் எங்கே சிதைந்தாலும் வெளியே வரும். கட்டியிலும் கூடும், கிருமித் தொற்றிலும் கூடும். நாங்கள் அதைப் பார்ப்பது வேறொன்றுக்காக. இதயமோ கல்லீரலோ சரியில்லாமல் கசிந்த நீரா, நுரையீரல் உறையே நோயுற்று ஊறிய நீரா என்று பிரிக்க வேண்டும். ரத்தத்தில் இருக்கும் அளவில் 0.6 பங்குக்கு மேல் நீரில் இருந்தால் உறையில்தான் கோளாறு. 1972இல் லைட் என்ற மருத்துவர் வகுத்த கணக்கு, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த 72. ஏ.டி.ஏ., லிம்போசைட் என்ற வெள்ளணுக்களில் மிகுதியாக இருக்கும் நொதி. உறையில் காசநோய் வந்தால் அந்த அணுக்கள் திரள்கின்றன. 40ஐத் தாண்டினாலே காசநோயைச் சந்தேகிப்போம். இந்த வயதில், மூன்று வாரக் காய்ச்சலோடு, சந்தேகம் இன்னும் வலுக்கிறது. 'டி.பி. கிருமி காணப்படவில்லை' என்று ரிப்போர்ட்டில் இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். அந்த நீரில் கிருமிகள் மிகச் சொற்பம், நுண்ணோக்கியில் பெரும்பாலும் அகப்படாது. காசநோய்தான் என்று உறுதியானால், வழக்கமாக ஆறு மாத மருந்தில் குணமாகும்.

ஆனால் எனக்கு வேண்டிய வரியை நீங்கள் எழுதவில்லை. ரிப்போர்ட்டில் செல் கணக்கு என்று ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள். லிம்போசைட் பெருவாரி என்றால் மேலே சொன்னது பொருந்தும். நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளணு பெருவாரியாக இருந்து, நீர் கலங்கலாகவும் இருந்தால், உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். சீழிலும் ஏ.டி.ஏ. உயரும்! அதோடு குளுக்கோஸ் 60க்குக் கீழே, அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். 7.2க்குக் கீழே என்றிருந்தால் மாத்திரை மட்டும் போதாது, குழாய் போட்டு வடிக்க வேண்டும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறினாலோ, மூச்சு முட்டினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஊசி வலி சில நாளில் போய்விடும். நெடுங்காய்ச்சலுக்குப் பின் முடி கொட்டும், திரும்ப வளரும்.

லெவோஃப்ளாக்சசின் விஷயத்தில் எனக்குக் கோபம்தான். அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். காய்ச்சல் சற்றுத் தணியும், நோய் கண்டுபிடிக்கப்படுவது தள்ளிப்போகும். இனி ஒரு மாத்திரைகூட நீங்களாகக் கொடுக்காதீர்கள். நுரையீரல் மருத்துவரிடம் போகும்போது அந்தக் காலி அட்டையையும் எடுத்துப் போங்கள், எந்தத் தேதியில் தொடங்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சளிப் பரிசோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள். நுரையீரலிலும் நோய் இருந்தால் வீட்டிலுள்ள மற்றவர்களையும் பரிசோதிக்க வேண்டிவரும்.